குந்தியிருந்த முயல்

என் தங்கையின் முகம் என் கையால் கெட்டது. ஊரில் சிலர் கடலால் கெட்டது என்பார்கள், சிலர் சண்டைக் காலத்து வெயிலால் கெட்டது என்பார்கள். நான் யாரையும் மறுத்ததில்லை. மறுத்திருக்க வேண்டும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதற்குப் பிறகு எந்த இடத்திலும் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. இறால் பண்ணையில் வேலை செய்தேன். கொழும்பில் ஒரு வீட்டில் சமைத்தேன். தையல் ஆலையில் பொத்தான் தைத்தேன். மேற்பார்வைக்காரியோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டு அதையும் விட்டேன். பிறகு ஒரு பெரிய துணிப்பையில் காப்பும் கிளிப்பும் சட்டைத்துணியும் அடைத்துக்கொண்டு பஸ் ஏறி வீடு வீடாக விற்கத் தொடங்கினேன். அது எனக்குப் பிடித்திருந்தது. யாரும் என்னை எங்கே போகிறாய் என்று கேட்கமாட்டார்கள். அம்மாவும் தங்கையும் கதிரவெளியில் கடற்கரை ஓரத்து வீட்டில் இருந்தார்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய் நாலு நாள் தங்குவேன். ஐந்தாம் நாள் கால் அரிக்கும்.

கடல் ஊருக்குள் வந்த காலையில் நான் கொழும்பில் இருந்தேன். பாதையெல்லாம் உடைந்து கிடந்ததால் ஊர் வந்து சேர நாலு நாள் ஆனது. அதற்குள் அம்மாவை மற்றவர்களோடு ஒரே குழியில் புதைத்துவிட்டிருந்தார்கள். தங்கை காட்டுப் பக்கமாக இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். காதுக்குள் இன்னும் மண் இருந்தது.

"ஆட்டக் கட்டிப்போட்டுட்டு ஓடிட்டன் அக்கா," என்றாள். "அவிழ்க்க ரெண்டு நிமிசம் போதும். அது என்னப் பாத்துக் கத்தினது."

"அம்மா எங்கால நிண்டவ?" என்று கேட்டேன்.

"கயிறு நீளமும் இல்ல. கத்திக்கொண்டே நிண்டது," என்றாள்.

அன்றும் அதற்குப் பிறகும் அம்மாவைப் பற்றி அவள் பேசவில்லை. ஆட்டைப் பற்றி மட்டும்தான் பேசினாள். நானும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் ஒருவரும் மீன் தின்னவில்லை. கடலுக்குள் எத்தனை பேர் கிடக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், மீன் எதைத் தின்று வளர்கிறது என்றும் தெரியும். நாலைந்து மாதத்தில் ஒவ்வொருவராகத் திரும்பவும் தின்னத் தொடங்கினார்கள். தொழிலே அதுதான், எத்தனை நாளைக்குப் பருப்பும் சோறும் தின்பது? என் தங்கை மட்டும் தொடங்கவில்லை. மீன் மட்டுமில்லை, உயிர் உள்ளது எதையும் அவள் தொடவில்லை. முகாமில் கொடுத்த கூடாரத்துக்குள் வந்த எறும்பைக்கூடக் கடதாசியில் ஏந்திக்கொண்டு போய் வெளியே விடுவாள்.

அவளுடைய தோல் பெரியபிள்ளை ஆன காலத்திலிருந்தே சிக்கலானது. நெற்றியும் மூக்கும் நாடியும் எண்ணெய் வடியும். கன்னம் இரண்டும் தண்ணீர் வற்றிய வயல் போலப் பொருக்கு விட்டு வெடிக்கும். நெற்றிக்கு ஆகும் சாமான் கன்னத்துக்கு ஆகாது. தேங்காயெண்ணெய் பூசினால் கன்னம் ஆறும், நெற்றியில் பரு கிளம்பும். பயத்தம் மா தேய்த்தால் நெற்றி துப்புரவாகும், கன்னம் எரிந்து சிவக்கும். அம்மாவிடம் அதற்கு ஒரு கைப்பக்குவம் இருந்தது. ஏதோ இலையை அவித்து, ஏதோ அளவில் மாவைக் கரைத்து, முகத்தின் நடுவுக்கு ஒன்றும் ஓரத்துக்கு ஒன்றுமாகத் தடவிவிடுவா. நான் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. தங்கை கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பாள். ஆகவே அது எங்கள் இருவருக்கும் தெரியாமலே போய்விட்டது.

கடற்சேறு பட்ட பிறகு அந்த முகம் இன்னும் மோசமானது. தறப்பாள் கூடாரத்துக்குள் பகலில் இருக்க முடியாது, அவ்வளவு வெக்கை. அவள் அதற்குள்ளேயே இருந்தாள். நிவாரணத்தில் கொடுத்த சவர்க்காரம் துணி துவைக்க மட்டும்தான் நல்லது. முகத்தில் பட்டதும் கன்னத்தில் இரத்தம் கசிந்தது. பிறகு பக்கத்துக் கூடாரத்து மாமி சும்மா இருக்காமல், "சவுக்காரம் செய்யிறதே மாட்டுக் கொழுப்பிலதானாம் புள்ள, தெரியுமா?" என்று சொல்லிவைத்தா. மாமி பொல்லாதவ இல்லை. கணவனையும் இரண்டு பேரப்பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு, பேசாமல் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று பேசிக்கொண்டே இருந்தவ. அன்றோடு தங்கை சவர்க்காரத்தைத் தொடுவதை விட்டாள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கூடாரத்தின் உட்பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வரிசையில் நின்று சோறு வாங்குவதற்கும் வெளியே வரவில்லை. நான் வாங்கிக் கொடுத்தேன். அவள் மறுபடி ஆட்கள் நடுவே வருவாளா என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே கவலை. மற்றதெல்லாம் ஏற்கெனவே போயிருந்தது.

காயத்துக்கு மருந்து கட்டுகிற வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி கிழமைக்கு இரண்டு தடவை முகாமுக்கு வருவாள். அவளுடைய பேச்சைத் தமிழில் சொல்ல மட்டக்களப்புப் பட்டினத்துப் பறங்கிக்காரர் ஒருவர், போர்த்துக்கீசர் வழிவந்தவர், கூட வருவார். ஐம்பது வயது கடந்தவர், எப்போதும் மடிப்புக் கலையாத சேட்டுத்தான் போட்டிருப்பார். அவள் ஒருநாள் கூடாரத்துக்குள் குனிந்து தங்கையின் நாடியைப் பிடித்து முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன்னுடைய சொந்தப் பையைத் திறந்து ஒரு வெள்ளை டியூப்பை எடுத்தாள். அதன் முதுகில் ஒரு முயல் படம் இருந்தது. பாய்ந்து போகிற முயல், ஒரே கோட்டில் கீறியது.

"இது அவ தன்ட முகத்துக்குப் பூசிறதாம். உங்களுக்குத் தாறா," என்றார் பறங்கி ஐயா. "எரியாதாம். முயலுக்கும் பூசிப் பாக்கல்லயாம்."

"முயலுக்கு ஏன் பூசணும்? அதுக்கென்ன கலியாணமா?" என்று மாமி வாசலில் நின்று கேட்டா.

ஐயா சிரித்துவிட்டு வெள்ளைக்காரியிடம் விசாரித்தார். திரும்பும்போது சிரிப்பு இல்லை. "கொம்பனிக்காரர் கிறீம் செய்தா, மனுசருக்கு எரியுமா எண்டு பாக்க முயல்ட கண்ணுக்குள்ள விட்டுப் பாப்பாங்களாம். இந்தக் கொம்பனி அப்பிடிச் செய்யிறல்லயாம். அதுக்குத்தான் அந்தப் படம்."

"கட்டிப்போட்டா?" என்று கேட்டாள் தங்கை.

பல கிழமைக்குப் பிறகு அவள் வெளியாள் ஒருவரிடம் கேட்ட முதல் கேள்வி அது. ஐயா மறுபடி விசாரித்தார். "ஓமாம் மகள். தலை மட்டும் வெளிய தெரிய, பெட்டிக்குள்ள இறுக்கி வைப்பாங்களாம்."

தங்கை டியூப்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"முயலுக்குப் பாவம் பாக்க ஒரு கொம்பனி இரிக்கு. நமக்கு ஆர் இரிக்கா?" என்று சொல்லிக்கொண்டே மாமி போய்விட்டா.

அந்தக் கிறீம் வேலை செய்தது. அரிசி அளவு எடுத்துப் பூசினாலே போதும். எரிச்சல் இல்லை, வாசமும் இல்லை. பத்து நாளில் கன்னம் வெடிப்பது நின்றது. நெற்றியும் அடங்கியது. வெள்ளைக்காரி தன் நாட்டுக்குப் போகும்போது இன்னும் இரண்டு டியூப் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு மாதத்தில் தங்கை துண்டை எடுத்துவிட்டுச் சோற்று வரிசைக்கு வந்தாள். பிறகு முகாமில் தொடங்கிய பாலர் பள்ளிக்கு உதவிக்கு ஆள் கேட்டார்கள். அவள் பத்தாம் வகுப்பு வரை படித்தவள், என்னைப் போல் இல்லை. போனாள். சின்னப்பிள்ளைகள் அவள் மடியில் ஏறி உட்கார்ந்து கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பேசுவதை நான் வேலியோரம் நின்று பார்த்தேன். அவளுக்கு இனி நான் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆனால் டியூப் மூன்றும் முடிந்துகொண்டு வந்தன. அதே போல ஒன்றைத் தேடுவது என் வேலையானது. எழுத்து ஆங்கிலம், எனக்கு வாசிக்கத் தெரியாது. முடிந்துபோன டியூப்பைக் கழுவி, மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டு கடை கடையாகக் காட்டினேன். மட்டக்களப்பில் ஒரு பாமசிக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இஞ்ச வராது தங்கச்சி. வந்தாலும் வாங்க ஆள் இல்ல," என்றார். காத்தான்குடியில் ஒரு பெரிய கடையில் வேறு பத்து வகையை எடுத்துப் போட்டார்கள். ஒன்றிலும் முயல் இல்லை. கொழும்புக்குப் போனபோது, கதவு தானாகத் திறக்கும் ஒரு கடைக்குள் புகுந்து தேடினேன். அங்கே இருந்தது, அதே வெள்ளை, அதே பாயும் முயல். விலையைக் கேட்டேன். நான் ஒரு மாதம் சாப்பிடுகிற காசு. வேலைக்கு நின்ற பிள்ளை என் செருப்பைப் பார்த்தாள். நான் டியூப்பை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். எப்படியாவது வாங்கியிருக்கலாம். அன்று தோன்றவில்லை. மலிவாக வேறெங்காவது கிடைக்கும் என்றே நினைத்தேன், ஏனென்றால் எல்லாச் சாமானும் எங்கோ மலிவாகக் கிடைக்கும் என்பது என் தொழில் எனக்குச் சொல்லித்தந்தது.

கிடைத்தது. பட்டினத்தில் ஒரு கோயில் திருவிழாவுக்கு வந்திருந்த நடைபாதைக் கடையில், தறப்பாளில் பரப்பி வைத்த கண்ணாடி, சீப்பு, நகப்பூச்சுக்கு நடுவில் சின்னச் சின்ன மஞ்சள் டப்பிகள் இருந்தன. ஒவ்வொன்றின் மூடியிலும் ஒரு முயல். நான் குனிந்து ஒன்றை எடுத்தேன்.

"வெளிநாட்டுச் சாமான் அக்கா. ஏழு நாளில ஆள் மாறிப் போவா," என்றான் கடைக்காரன்.

"இந்த முயல் ஏன் போட்டிரிக்கு?"

"அது நல்ல சாமான் எண்டதுக்குத்தான்," என்றான். அவன் பொய் சொன்னான் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது.

பைக்குள் இருந்த டியூப்பை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டியூப்பில் இருந்த முயல் பாய்ந்தது. டப்பியில் இருந்த முயல் காதை நிமிர்த்திக் குந்தியிருந்தது. வித்தியாசத்தைக் கண்டேன். வேறு கொம்பனி, அதனால் வேறு மாதிரிக் கீறியிருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். எட்டு டப்பி வாங்கினேன்.

நாலைத் தங்கையிடம் கொடுத்தேன். அவள் மூடியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதும் கட்டிப்போடாததுதானே அக்கா?" என்று கேட்டாள். "ஓம்கா. பாரன், படம் போட்டிரிக்கு," என்றேன்.

ஏழு நாள் ஆகவில்லை, ஐந்து நாளிலேயே முகம் வெளுத்து மெழுகு போல் ஆனது. ஒரு பரு இல்லை, ஒரு பொருக்கு இல்லை. முகாமில் எல்லோரும் நின்று பார்த்தார்கள். "ஆர் இது, படத்தில நடிக்கப் போறாளா?" என்று மாமி கேட்டா. தங்கை வெட்கப்பட்டுச் சிரித்தாள். மீதி நாலு டப்பியில் மூன்றைக் கரடியனாற்றில் விற்றேன். வயல் வட்டையில் களை பிடுங்கிவிட்டுக் கரையேறி வந்த பெண்கள், காலில் சேறு காயுமுன் வாங்கிக்கொண்டார்கள். என் தங்கைக்குப் பூசுவது என்று சொல்லித்தான் விற்றேன். அவர்களை நான் பிறகு தேடிப் போனேன். அதற்குள் அந்த ஊரும் இடம்பெயர்ந்து கலைந்துவிட்டது. மூன்று பேரில் ஒருவரையும் காணக் கிடைக்கவில்லை.

எங்கள் ஊர் இருந்த வாகரைப் பக்கத்தில் இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் சண்டை மூண்டபோதும் நான் ஊரில் இல்லை. பாதை மூடிவிட்டார்கள். தங்கை இருந்த இடத்துக்கு நான் போக முடியாது, அவளும் வெளியே வர முடியாது. பீரங்கிச் செல்லடி நாளுக்கு நாள் கூடியது. கடைசியில் சனமெல்லாம் காட்டுக்குள்ளாலும் கடற்கரையாலும் நடந்து வெளியேறினார்கள். அவள் மாமியோடு நடந்தாள். எத்தனை நாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. பட்டினத்துக்கு இந்தப் பக்கம் ஒரு முகாமில் பெயர்ப் பட்டியலில் அவளைக் கண்டுபிடித்தேன்.

கூடாரத்தில் மாமி உட்கார்ந்திருந்தா. பக்கத்தில் ஒருத்தி மறுபக்கம் திரும்பிக் கிடந்தாள். "உன்ட தங்கச்சிதான்," என்று மாமி சொன்னா. "பயப்புடாத. வெயில் குடிச்சிட்டுது."

முகம் முழுவதும் சிவந்து, வீங்கி, வாயைச் சுற்றிச் சின்னச் சின்னச் சீழ்க் கொப்புளம். காற்றுப் பட்டாலும் எரியுது என்றாள். டப்பி எல்லாம் வழியில் போய்விட்டது, பூசி ஒரு மாதமாகிறது என்றாள். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். எனக்கு விளங்கியதெல்லாம் வேறு: கிறீம் பூசாததால்தான் இப்படி ஆனது. என் பைக்குள் எட்டாவது டப்பி இருந்தது. இடம்பெயர்ந்த காலம் முழுவதும் அதை விற்காமல் அவளுக்கென்று வைத்திருந்தேன். தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறியில் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவளுடைய தலையை என் மடியில் வைத்து, என் விரலாலேயே பூசினேன். அம்மா பூசியது போல முகத்தின் நடுவுக்கும் ஓரத்துக்கும் தனித்தனியாகப் பூசினேன்.

இரண்டு நாளில் அடங்கியது. எனக்கு அப்படியொரு சந்தோசம். அதுதான் அந்த மருந்தின் பொல்லாத்தனம். பூசினால் அடங்கும், விட்டால் முன்னைவிட மோசமாகக் கிளம்பும். டப்பி முடிந்ததும் அலைந்து திரிந்து இன்னும் இரண்டு வாங்கினேன். அவை முடியுமுன்பே பூசும்போதே எரியத் தொடங்கியது. தோல் ஈரக் கடதாசி போல மெலிந்து உள்ளே சிவப்பு நரம்பு ஓடுவது தெரிந்தது. கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் கறுப்புத் திட்டுப் பரவியது.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெண்பிள்ளைகளின் வாடகை அறைகளுக்கு நான் காப்பு விற்கப் போவது வழக்கம். அங்கே விஞ்ஞானம் படித்த ஒரு பிள்ளையிடம் டப்பியைக் காட்டினேன். மூடியைத் திறந்து மணம் பார்த்தாள். டப்பியைச் சுற்றிச் சுற்றி வாசிக்க எழுத்துத் தேடினாள்.

"அக்கா, உள்ளுக்கு என்ன போட்டிரிக்கு எண்டே இதில எழுதல்லயே."

"முயல் இரிக்குத்தானே," என்றேன். மடித்து வைத்திருந்த பழைய டியூப்பையும் எடுத்துக் கொடுத்தேன்.

அவள் இரண்டையும் பார்த்தாள். நல்ல பிள்ளை, சிரிக்கவில்லை. "டியூப்பில இரிக்கிறது அடையாளம் அக்கா. மிருகத்துக்குப் பூசிச் சோதிக்கல்ல எண்டு உறுதி குடுத்தாத்தான் அதப் போடலாம். இது சும்மா படம். தீப்பெட்டியில படம் இரிக்கிற மாதிரி."

நான் கொண்டுபோன காப்புகளை அன்று ஒருவருக்கும் காட்டவில்லை. நேரே முகாமுக்குப் போய்த் தங்கையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பெண் டாக்டர் ஒருவர் பார்த்தார். எங்களைப் போல எத்தனையோ பேர் வருகிறார்கள் என்று களைத்த குரலில் சொன்னார். இதற்குள் கலந்திருப்பது கடுமையான மருந்து, சிலதில் பாதரசமும் இருக்கும் என்றார்.

"இனி என்ன பூசிறது டாக்டர்?" என்று கேட்டேன். எவ்வளவு விலை என்றாலும் வாங்குவேன் என்ற எண்ணத்தோடு போயிருந்தேன்.

"ஒண்டும் பூசாதீங்க. பச்சத்தண்ணி மட்டும். வெயில் படாம இரிக்கணும். ஒரு வருசமோ ரெண்டு வருசமோ எடுக்கும். கறுப்பு முழுக்கப் போகுமா எண்டு சொல்ல ஏலா."

அந்தத் தோலுக்கு எரியாத, எந்த உயிரையும் வருத்தாத, எங்களுக்குக் கட்டுப்படியான சாமான் தண்ணீர்தான் என்று அன்று தெரிந்தது. ஆனால் முகாமில் நிழலுக்கு எங்கே போவது?

அன்று பின்னேரம் அவளிடம் சொன்னேன். படம் வெறும் படம் என்று, அடையாளம் எது படம் எது எனத் தெரியாமல் ஏமாந்தேன் என்று, எல்லாம் சொன்னேன். அவள் என்னை ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நல்லது.

"அப்ப இதுக்கும் எங்கயோ ஒண்டக் கட்டி வச்சிருப்பாங்களா அக்கா?" என்று கேட்டாள்.

"தெரியா."

மாமி பாயில் காலை நீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தா. "இதுக்கு அவங்க முயல் தேடித் திரியல்ல புள்ள," என்று சொன்னா. "உனக்குத்தான் பூசிப் பாத்திரிக்காங்க."

மாமியை நான் முறைத்தேன். தங்கை எழுந்து தண்ணீர்க் குழாயடிக்குப் போனாள். பின்னால் குடம் வைத்திருந்தவர்கள் ஏசத் தொடங்கும் வரை முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றாள்.

கிறீமை விட்ட முதல் ஆறு மாதத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. தலையணையில் தோல் ஒட்டிக்கொண்டு வந்தது என்பது மட்டும் போதும். அந்த ஆறு மாதமும் நான் எங்கும் போகவில்லை. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவ்வளவு நாள் ஒரே இடத்தில் இருந்தது அப்போதுதான். ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டேன். அதைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஊருக்குத் திரும்ப விட்டு நிவாரண வீடும் தந்தபோது கதிரவெளியில் பாலர் பள்ளியை மீண்டும் தொடங்கினார்கள். அவளைத்தான் முதலில் கேட்டார்கள். போனாள். கொப்புளம் அடங்கியிருந்தது, ஆனால் கண்ணுக்குக் கீழே தொடங்கிய கறுப்புக் கன்னம் முழுவதும் இறங்கியிருந்தது. மூன்று வயதுப் பிள்ளையொன்று அவளைக் கண்டதும் தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீரிட்டு அழுதது. தாய், "டீச்சர்தான், ஒண்டும் செய்யமாட்டா," என்றாள். அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. தங்கை மத்தியானம் வரை இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். வந்து பெட்டியிலிருந்து ஒரு சால்வையை எடுத்துத் தலையையும் முகத்தையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டாள். மறுநாள் போகவில்லை. பிறகும் போகவில்லை.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர் எங்கள் வீட்டுக்கு வந்தது வேறொரு பெண்ணைத் தேடி. தங்கைதான் அவரை நிறுத்தி வைத்து விசாரித்தாள். அரபு நாட்டில் வீட்டு வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். அவர் ஒவ்வொன்றாக எச்சரித்தார். "சாப்பாடு வேற மாதிரி இரிக்கும். பாசை தெரியா. வெளிய போற எண்டா முகத்த மூடித்தான் போகணும் தங்கச்சி, அதுக்கு..."

"சரி," என்றாள், அவர் முடிக்குமுன்பே.

"நீ போகாதகா," என்று நான் சொன்னேன். "நான் திரிஞ்சவள். நான் போறன். நீ வீட்டப் பாத்துக்கொண்டு இரி."

"நீ போய் எனக்கென்ன அக்கா? நான்தானே இஞ்ச ஆக்கள்ட கண்ணுக்குள்ள இரிக்கணும்."

வடக்கில் சண்டை முடிந்தது என்று வானொலியில் சொன்ன அன்று நாங்கள் பட்டினத்தில் அவளுடைய படிவத்துக்குப் படம் எடுக்க நின்றோம். தெருவில் வெற்றி வெடி கொளுத்தினார்கள். எங்கள் பக்கத்தில் நின்ற ஒரு வயதான பெண், சண்டை நடந்த வன்னியில் மகன் இருந்தவ போல, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டா. படக்காரர் சால்வையை எடுக்கச் சொன்னார். தங்கை எடுத்தாள். அவர் கமராவுக்குள் பார்த்தார், பிறகு நிமிர்ந்து நேரே பார்த்தார், பிறகு விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

இரண்டு வருடம் கழித்து வந்தாள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் கறுப்புத் துணியை எடுத்தாள். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். முகம் ஆறியிருந்தது. குளிரூட்டிய வீட்டுக்குள் வெயில் படாமல், தண்ணீரைத் தவிர ஒன்றும் தொடாமல், டாக்டர் சொன்ன வருடங்கள் அங்கே கழிந்திருந்தன. கன்னத்தில் இரண்டு மங்கலான திட்டு, உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

"கண்ணாடியில பாத்தியாகா?" என்று கேட்டேன்.

"பாத்தன். சுகமாத்தான் இரிக்கு."

"அப்ப நாளைக்குப் பாலர் பள்ளிப் பக்கம் போய்..."

"வேணாம் அக்கா."

கிணற்றடிக்குப் போனாலும் மூடிக்கொண்டுதான் போனாள். ஊரில் கேட்கத் தொடங்கினார்கள். மாமிகூட ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மெய்யாச் சொல்லு, வேதம் மாறி இஸ்லாத்துக்குப் போயிட்டாளா?" என்று கேட்டா. இல்லை, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் விளக்கு வைக்கிறாள் என்றேன். "அப்ப ஆருக்குப் பயந்து மூடுறாள்? முகம் நல்லாத்தானே வந்திரிக்கு," என்றா. வலி வந்தபோது மூடியது, வலி போன பிறகும் திறக்கவில்லை. அதற்கு எந்தக் கடையில் என்ன வாங்குவது?

நாலு மாதம் இருந்தாள். பிறகு திரும்பவும் அந்த வீட்டுக்கே போவதாகச் சொன்னாள். நான் தடுத்துப் பார்த்தேன். அவள் சண்டை போடவில்லை, பெட்டியை அடுக்கினாள்.

பிரதான வீதியில் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கூட்டம் நெரிந்தது. அவள் யன்னலோரத்தில் உட்கார்ந்து பெட்டியைக் காலுக்குக் கீழே தள்ளினாள். எங்கள் ஊர்ப் பையன்தான் கண்டக்டர். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவன், ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் மாங்காய் களவெடுத்தவன். காசு வாங்கிக்கொண்டு வந்தவன் அவளருகில் நின்று, முஸ்லிம் பெண்களைக் கூப்பிடுவது போல, "ராத்தா, இன்னும் ஒராளுக்கு இடம் விட்டுக் கொஞ்சம் தள்ளி இரிங்க," என்றான்.

அவள் குரலைக் கொடுத்திருந்தால் போதும், அவனுக்குத் தெரிந்திருக்கும். ஒன்றும் பேசாமல் யன்னல் பக்கம் ஒடுங்கி இடம் விட்டாள். அவன் அடுத்த இருக்கைக்குப் போனான்.